‘சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிடுச்சு!’ - ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்?

அஞ்சுகிராமத்தில் உங்க தாத்தாவுக்குத் திடீர்னு மூச்சு முட்டுதுன்னு வெச்சுப்போம். வண்டி பிடிச்சு நாகர்கோவில் போய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. ராத்திரி 2 மணி. ட்ரிப்ஸ் பாட்டில் காலி. நாலாவது தடவையா ‘சிஸ்டர்...’னு கூப்பிடுறீங்க. அவரோ வார்டின் அந்தக் கோடியில் இன்னொருத்தருக்கு பி.பி பார்த்துக்கிட்டிருக்கார்.

கோபம் வரும்தான். ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி... அந்த ராத்திரி அவர் ஒருத்தர் பொறுப்பில் எத்தனை பெட்?

கணக்கு என்ன சொல்லுது?

பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், ஐ.சி.யூ-வில் ஆளுக்கு ஒருவர். இது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நீங்க பார்த்த வார்டோடு ஒப்பிட்டுப் பாருங்க, புரியும்.

வேலை கூடும்போது நர்ஸுகள் ஊசியையும் மருந்தையும் எப்படியாவது முடிச்சிடுவாங்க. முதல்ல விடுபடுறது, நம்ம கண்ணுக்குத் தெரியாத வேலைகள். படுத்த படுக்கையா இருக்கிறவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, ‘பேச்சு ஏன் குழறுது’ன்னு கவனிப்பது, வீட்டுக்குப் போறப்ப மாத்திரையை விளக்கிச் சொல்வது... உயிரைக் காப்பாத்துறதில் இதுக்கெல்லாம் பெரிய பங்கு இருக்கு.

2014-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளைப் பார்த்தது. அறுவை சிகிச்சை முடிஞ்ச 4,22,000-க்கும் அதிகமானவர்களின் பதிவுகள் அதில் இருந்தன. ஒரு நர்ஸுக்குக் கூடுதலா ஒரு நோயாளி சேர்ந்தால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுது. அதாவது, 100 மரணம் நடக்கும் இடத்தில் சுமார் 107.

இதை எப்படிச் சோதிக்கிறது?

இங்கேதான் ஒரு தர்மசங்கடம். மருந்தைச் சோதிப்பது போல, பாதிப் பேருக்கு வேணும்னே நர்ஸைக் குறைச்சு என்ன ஆகுதுன்னு பார்க்க முடியுமா? கூடாது. அது ஆபத்துன்னு தெரிஞ்சே செய்யுற காரியம்.

அதனால், ஆய்வாளர்கள் தானா அமையும் வாய்ப்புக்குக் காத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணம் 2016-ல் ஒரு சட்டம் போட்டது. பகலில் 4 பேருக்கு ஒரு நர்ஸ், இரவில் 7 பேருக்கு ஒருவர். சட்டம் வந்த 27 மருத்துவமனைகளை, வராத 28-உடன் ஒப்பிட்டார்கள். சட்டம் வந்த இடங்களில் இறப்பு குறைஞ்சது. மிச்சமான பணம், கூடுதல் நர்ஸுகளுக்கு ஆன செலவைவிட அதிகம்!

கேள்வித்தாளை யார் வாங்குறாங்க?

இந்த ஆய்வுகளுக்குப் பதிவேடு மட்டும் போதாது. நர்ஸுகளின் வாய்மொழியும் வேணும். ‘நேத்து உங்களால் செய்ய முடியாமல்போன வேலை எது?’ன்னு கேட்கணும். அந்தத் தாளை மேலதிகாரியே வாங்கிப் படிச்சா, யார் உண்மையை எழுதுவாங்க?

2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிய ஒப்பந்த நர்ஸுகளின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். வேலையே நிச்சயமில்லாதவர், ‘இந்த ஆய்வில் சேர மாட்டேன்’னு சொல்றது லேசா?

அதனால்தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், அதிகாரத்துக்குக் கீழே இருக்கும் ஊழியர்களையும் மாணவர்களையும் தனிக் கவனத்தோடு பாதுகாக்கச் சொல்லுது. பெயர் வெளியே வரக் கூடாது, மறுத்தால் பாதிப்பு வரக் கூடாது. இது வெறும் மரியாதைக்காக இல்லை. பயந்து எழுதின பதிலை வெச்சுப் போடுற கணக்கும் பொய்க்கணக்குதான்.

நீங்க என்ன செய்யலாம்?

* நர்சிங் மாணவி யாராவது ஆய்வுக்காகப் படிவத்தோடு தாத்தா பெட் பக்கம் வந்தா, ‘எதுக்கு இது, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா?’ன்னு கேளுங்க. தமிழில் விளக்கச் சொல்வது உங்க உரிமை.

* வேண்டாம்னு சொல்லலாம். பாதியில் விலகலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

* நீங்களே நர்சிங் மாணவர்னா, ‘மேடம் சொல்லிட்டாங்க, கையெழுத்துப் போடுங்க’ன்னு கேட்காதீங்க. அது சம்மதம் இல்லை.

* ஆஸ்பத்திரி மேல் புகார் எழுதினால், ‘சிஸ்டர் வரலை’ என்பதோடு நிறுத்தாதீங்க. ‘இத்தனை பெட்டுக்கு ஒரே நர்ஸ் இருந்தார்’னு எண்ணிக்கையையும் எழுதுங்க.

அடுத்த முறை ‘சிஸ்டர்...’னு கூப்பிடும் முன்னாடி, வார்டை ஒரு தடவை சுத்திப் பார்த்து பெட்டை எண்ணுங்க. கோபம் யார் மேல வரணும்னு அந்த எண்ணிக்கையே சொல்லிடும்.