ஊமைக் கோமாளிகள் ஒழுங்குபடுத்திய ஊர்

போக்குவரத்துப் பொறியியல் படித்த நண்பர்களுக்கு அந்த மூன்று 'ஈ' ஞாபகம் இருக்கும். இன்ஜினியரிங், எஜுகேஷன், என்ஃபோர்ஸ்மென்ட். ரோட்டை ஒழுங்காகப் போடு, ஜனங்களுக்குச் சொல்லிக் கொடு, கேட்காதவனுக்கு அபராதம் போடு. பாடம் அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்து ஏதாவது ஒரு சிக்னலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ரோடு இருக்கு, போர்டு இருக்கு, போலீஸ்காரரும் நிற்கிறார். வண்டி மட்டும் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. ஏன்? இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு வாத்தியார் ஒரு விடை கண்டுபிடித்தார். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஊர், தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரமான போகோட்டா. ஐம்பது லட்சத்துக்கும் மேல் ஜனத்தொகை. 1993-ல் அங்கே லட்சம் பேருக்கு 80 கொலை என்ற கணக்கு. 1995-ல் சாலை விபத்தில் மட்டும் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளவே அங்குள்ளவர்கள் கூசிய காலம் அது.

அந்த ஊருக்கு மேயராக வந்தவர் ஆண்டனாஸ் மோக்குஸ். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அம்மா சிற்பி, மகன் கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியர். கொலம்பியாவின் தேசியப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தபோது, 1993-ல், கூச்சல் போட்ட மாணவர்களை அடக்க மேடையிலேயே திரும்பி நின்று பேண்ட்டை இறக்கிக் காட்டினார். பதவி போச்சு. (பேரவை நண்பர்கள் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம்!) ஆனால் ஊர் முழுக்க பெயர் தெரிந்துவிட்டது. எந்தப் பெரிய கட்சியின் தயவும் இல்லாமல் தேர்தலில் நின்று ஜெயித்து, 1995 ஜனவரியில் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருடைய கணக்கு எளிமையானது. ஒருத்தன் தப்பு செய்யாமல் இருப்பதற்கு மூன்று காரணம் உண்டு. ஒன்று, சட்டத்துக்குப் பயம். இரண்டு, சொந்த மனசாட்சி. மூன்று, நாலு பேர் என்ன நினைப்பாங்க என்ற கூச்சம். அரசாங்கம் எப்போதும் முதல் ஸ்குரூவை மட்டுமே முறுக்கிக்கொண்டு இருக்கிறது. மூன்றாவதைத் தொடுவதே இல்லை. தன் ஊர் ஜனங்கள் அபராதத்தைவிடக் கேலிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள் என்று மோக்குஸ் நினைத்தார்.

உடனே என்ன செய்தார் தெரியுமா? முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய மைம் கலைஞர்களை, அதாவது வாய் திறக்காமல் நடிக்கிறவர்களை, நகரத்தின் நடு ரோட்டில் இறக்கிவிட்டார். முதலில் இருபது பேர்தான். பிறகு பயிற்சி கொடுத்து நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். ஒருவர் சிக்னலை மதிக்காமல் குறுக்கே ஓடினால், கோமாளி அவர் பின்னாலேயே போய் அவர் நடையை அப்படியே நடந்து காட்டுவார். கார் ஜீப்ரா கோட்டில் ஏறி நின்றால், தலையில் கை வைத்து, நெஞ்சைப் பிடித்து, காரைப் பின்னால் தள்ளுகிற மாதிரி நடிப்பார். சுற்றி நிற்கிறவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். டிரைவர் முகம் சிவந்து ரிவர்ஸ் கியர் போடுவார். அந்தச் சிரிப்புதான் அபராதம். ரசீது கிடையாது, கோர்ட் கிடையாது, பேரம் பேசவும் வழியில்லை. லஞ்சத்தில் ஊறிப்போயிருந்த போக்குவரத்துக் காவல் பிரிவையே அவர் கலைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அர்த்தம் புரியும்.

அடுத்தது அட்டை. கட்டை விரல் மேலே காட்டும் படம் 'சபாஷ்', கீழே காட்டும் படம் 'ச்சீ'. சுமார் 3,50,000 அட்டைகளை ஜனங்களிடம் கொடுத்தார்கள். ரோட்டில் ஒருவன் வழிவிட்டால் சபாஷ் காட்டு, இடித்துக்கொண்டு போனால் மற்றதைக் காட்டு. கெட்ட வார்த்தை இல்லாமல் சண்டை போட ஒரு வழி. கால்பந்து பார்க்கிற ஊருக்கு அட்டை பாஷை புதுசில்லையே. நடந்து போனவர்கள் வண்டி மோதிச் செத்த இடங்களில் தரையில் நட்சத்திரம் வரைந்தார்கள், சுமார் 1,500 நட்சத்திரம். அதில் வேடிக்கை எதுவும் இல்லை. தினமும் நடக்கிற ரோட்டில் அதை மிதித்துத் தாண்ட யாருக்குக் கால் வரும்?

டாக்ஸி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மோசமான டிரைவரைப் பற்றிப் புகார் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. நல்ல டிரைவர் யாராவது இருந்தால் போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றார்கள். அப்படித் தேறியவர்களை மேயரே கூப்பிட்டு, மற்ற டிரைவர்களை எப்படித் திருத்தலாம் என்று அவர்களிடமே யோசனை கேட்டார். அவர்களுக்கு 'ஜீப்ரா வீரர்கள்' என்று பட்டம்.

1997-ல் குடிநீர் கொண்டுவரும் சுரங்கக் குழாய் இடிந்து ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். மேயர் டிவியில் குளித்துக் காட்டினார்! சோப்புப் போடும்போது குழாயை மூடினார், பிறகு திறந்தார். அவ்வளவுதான் விளம்பரம். தண்ணீர்ச் செலவு கணிசமாகக் குறைந்தது.

கோமாளித்தனத்தால் மட்டுமே ஊர் மாறியது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. மதுக்கடைகளை நள்ளிரவு ஒரு மணிக்கு மூட வைத்தார். அது வெறும் சட்டம்தான். ஜனங்கள் தாங்களாக ஒப்படைத்த துப்பாக்கிகளை வாங்கி உருக்கினார்கள். (அதில் குழந்தைகளுக்கு ஸ்பூன் செய்து 'நான் ஆயுதமாக இருந்தேன்' என்று பொறித்தது மட்டும் அவர் பாணி.) 1998 முதல் 2000 வரை மேயராக இருந்த என்ரிக்கே பெனலோசா அகலமான நடைபாதைகள் போட்டார், 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனிப்பாதை பஸ்ஸையும் ஓட விட்டார். நம்ம படிப்பு இங்கேதான் வருகிறது. நடைபாதையே இல்லாத ரோட்டில் நடந்து போகிற ஏழையின் பின்னால் கோமாளியை விட்டால் அது அநியாயம். ஜீப்ரா கோடு போட்டு, கடக்க நேரமும் கொடுத்துவிட்டுத்தான் கேலி செய்ய நமக்கு உரிமை. சரியாக நடக்க இடம் இருந்தும் நடக்காதவனிடம்தான் சிரிப்பு வேலை செய்யும். மூன்று 'ஈ'யில் முதலாவதை விட்டுவிட்டு நாலாவதாக ஒன்றைச் சேர்க்க முடியாது.

மோக்குஸ் 2001 முதல் 2003 வரை இரண்டாம் முறையும் மேயராக இருந்தார். 2003-ல் கொலைக் கணக்கு லட்சத்துக்கு சுமார் 22 ஆக இறங்கியிருந்தது. சாலைச் சாவு வருஷத்துக்கு 600-க்கும் கீழே வந்தது. இதில் கோமாளிக்கு எத்தனை பங்கு, பஸ்ஸுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2002-ல் அவர் இன்னொரு விளையாட்டும் ஆடிப் பார்த்தார். விருப்பப்பட்டவர்கள் பத்து சதவிகிதம் கூடுதலாக வரி கட்டலாம் என்று அறிவித்தார். எந்த ஊரிலாவது நடக்குமா? 63,000 பேர் வந்து கட்டிவிட்டுப் போனார்கள்.