கட்டடம் எடுக்கும் இடாப்பு

எங்கள் வகுப்பில் யாராவது "பாத்திமா" என்று கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்போம். அதனால் இடாப்பு எடுக்கும்போது ரீச்சர் பெயர் சொல்வதில்லை, இலக்கம் சொல்வார். "பதினேழு" என்றால் நான் ஒருத்தி மட்டும் "பிரசன்ட் ரீச்சர்" என்பேன். ஒரே இலக்கத்துக்கு இருவர் பதில் சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழும், அவ்வளவுதான். ஆனால் அதே தவறு கடந்த வருடம் டோஹாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்தபோது, எங்கள் வீட்டில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருந்த என் நானாவின் தொழில் அந்தத் தவறில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நானா செய்வது கட்டடத் தன்னியக்க வேலை. பெரிய கட்டடமொன்றில் நூற்றுக்கணக்கான விசிறிகள், நீர்ப்பம்பிகள், வளிச்சீராக்கிகள் உள்ளன. அவற்றின் அருகே சிறு பெட்டிகளாகக் களக் கட்டுப்படுத்திகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் அறையின் வெப்பநிலையை உணரியின் மூலம் அறிந்து, குளிர்நீர் வால்வைத் திறக்கும் அல்லது மூடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் மேற்பார்வைக் கட்டுப்படுத்தி. அது தானாக எந்த அறையையும் குளிர்விப்பதில்லை. எல்லோரிடமும் தகவல் கேட்கும், அதைப் பதிந்து வைக்கும், நேரசூசிப்படி கட்டளை கொடுக்கும், பிழை நேர்ந்தால் எச்சரிக்கும். பாடம் நடத்தாத, ஆனால் வகுப்பைக் கவனிக்கும் வகுப்புத் தலைவியைப் போன்றது அது.

இந்த எண்ணம் பிறந்ததும் ஒரு பாடசாலையில்தான். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைட்வோட்டர் என்னும் ஊரில் வொரன் ஜோன்சன் என்ற ஆசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் பராமரிப்பு ஊழியர் வகுப்பு வகுப்பாக வந்து வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, நிலவறைக்குப் போய் சூடான வளி வரும் வழியைக் கூட்டிக் குறைப்பார். பாடம் இடையிலே குழம்பும். வகுப்பறையின் வெப்பநிலை மாறியதும் நிலவறையில் மணி ஒலிக்கும்படி ஜோன்சன் ஒரு கருவியை அமைத்தார். 1883இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த மணியே இன்றைய மேற்பார்வைக் கட்டுப்படுத்தியின் மூதாதை எனலாம்.

காலப்போக்கில் மணி போய் கணினி வந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கென்று ஒரு மொழியைப் பேசியது. ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியுடன் இணைப்பது பெரும்பாடாயிற்று. ஆஷ்ரே எனப்படும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் 1987இல் ஒரு பொது மொழியை உருவாக்கத் தொடங்கி, 1995இல் வெளியிட்டது. அதன் பெயர் பேக்நெட். இம்மொழி வலையமைப்பில் பயன்படுத்தும் வாயிலின் இலக்கம் 47808. இதைப் பதினறும எண்ணாக மாற்றிப் பாருங்கள்; பி, ஏ, சி, பூச்சியம் என்று வரும். பேக்நெட்டின் முதல் மூன்று எழுத்துகளை எண்ணுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

சரி, இவற்றை எப்படி இணைப்பது? நானா விடுமுறையில் வந்தபோது என் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார்.

முதல் வேலை பட்டியல். எந்த மாடியில் எந்தக் கருவி, அதன் முகவரி என்ன, பெயர் என்ன என்று கம்பியைத் தொடும் முன்பே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது கம்பி. களக் கட்டுப்படுத்திகளைப் பெரும்பாலும் ஆர்.எஸ். 485 என்னும் முறையில், முறுக்கிய இரட்டைக் கம்பியால் தொடுப்பார்கள். தஸ்பீஹ் மணிகளைக் கோப்பதுபோல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கம்பி செல்ல வேண்டும். நடுவிலே கிளை பிரிக்கக் கூடாது. தஸ்பீஹைப் போல இரு முனைகளையும் சேர்த்து முடியவும் கூடாது. முனைகளில் 120 ஓம் மின்தடையி ஒவ்வொன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை எதிரொலி போலத் திரும்பி வந்து அடுத்த சொல்லைக் குழப்பும். எல்லாப் பெட்டிகளும் ஒரே வேகத்தில் பேசவும் வேண்டும். செக்கனுக்கு 38400 பிட் என்றால் எல்லாவற்றுக்கும் அதுவே.

மூன்றாவது முகவரி. ஒவ்வொரு பெட்டியிலும் எட்டுச் சிறு ஆளிகள் உண்டு. அவற்றின் பெறுமானம் 1, 2, 4, 8, 16, 32, 64, 128. நாம் படித்த இரும எண்தான். 13ஆம் முகவரி வேண்டுமென்றால் 8, 4, 1 ஆகிய மூன்று ஆளிகளையும் போட வேண்டும்.

நான்காவது, மேற்பார்வைக் கட்டுப்படுத்தியை எழுப்புவது. மடிக்கணினியை நேரடியாக அதனுடன் இணைத்து, ஐ.பி. முகவரி கொடுத்து, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றி, நேரத்தையும் நேர வலயத்தையும் சரிசெய்ய வேண்டும். பிறகு அது வலையமைப்பில் "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். ஒவ்வொரு பெட்டியும் "நான் இருக்கிறேன்" என்று தன் இலக்கத்தைச் சொல்லும். அதுவே கட்டடம் எடுக்கும் இடாப்பு.

அன்றிரவு அந்த இடாப்புத்தான் குழம்பியது. ஒரே கம்பியில் 24 பெட்டிகள். திரையில் சில தோன்றின, மறைந்தன, வேறு சில தோன்றின. மறுநாள் காலை கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். நானா கம்பிகளைப் பார்த்தார், சரி. மின்தடையிகள் சரி. வேகம் சரி. அங்கே இரவு பத்து மணி, இங்கே பன்னிரண்டரை. உம்மா தொழுகைப் பாயில் இருந்து எழும்பவில்லை.

"தங்கச்சி, நான் ஒவ்வொரு மாடியா ஏறி ஆளிகளை வாசிக்கிறேன். நீ கொப்பியில கூட்டி எழுது. என் கண் இப்ப எதையும் நம்பமாட்டேங்குது" என்றார் தொலைபேசியில்.

அவர் வாசித்தார், நான் கூட்டினேன். ஐந்தாம் மாடியில் ஒரு பெட்டி: "எட்டு, நாலு." பன்னிரண்டு என்று எழுதப் போனேன். மேலே ஏற்கெனவே ஒரு பன்னிரண்டு இருந்தது.

"நானா, பன்னிரண்டு முதலே வந்துட்டுதே."

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு "ஒன்றாம் ஆளியைப் போட மறந்திருக்கிறேன்" என்றார்.

அந்தக் கம்பியில் பேசும் முறை எப்படியென்றால், முறை யாரிடம் உள்ளதோ அவர் மட்டுமே பேசலாம். பேசி முடிந்ததும் அடுத்த முகவரிக்கு முறையைக் கொடுக்க வேண்டும். விவாதப் போட்டியில் ஒலிவாங்கியைக் கைமாற்றுவது போல. முறை "12"க்குச் சென்றபோது இருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். அதனால் குற்றமற்ற மற்ற 22 பெட்டிகளின் பேச்சும் சேர்ந்து கெட்டது. ஆளியைப் போட்டு மின்னை நிறுத்தித் திரும்பக் கொடுத்ததும் 24 பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. அல்ஹம்துலில்லாஹ். பிழையைப் பிடித்தது நானென்று நானா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். நான் கூட்டல் மட்டுமே செய்தேன்.

இணைத்ததுடன் வேலை முடிவதில்லை. திரையில் 24 பாகை என்றால் அறையில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். பேக்நெட்டில் கட்டளைகளுக்கு 16 முன்னுரிமைப் படிகள் உள்ளன. 1 மிக உயர்ந்தது. மனிதர் கையால் கொடுக்கும் கட்டளைக்குரியது 8ஆம் படி. பரீட்சிப்பதற்காக ஒரு விசிறியை அப்படி ஓடவிட்டு விடுவிக்க மறந்தால், கீழ்ப்படியில் உள்ள நேரசூசி "நிறுத்து" என்று எத்தனை முறை சொன்னாலும் விசிறி இரவெல்லாம் ஓடும்.

நேரசூசியிலும் கவனம் வேண்டும். கத்தாரில் றமழானில் வேலைநேரம் குறையும். ஹிஜ்ரி வருடம் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்வதால், ஒருமுறை திகதியைப் பதிந்துவிட்டு மறந்திருக்க முடியாது.

பாதுகாப்பும் அவ்வாறே. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் விற்பனை நிலையங்களில் சுமார் 40 மில்லியன் வங்கி அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்த வழி, அங்கே குளிரூட்டல் வேலை செய்த ஒப்பந்த நிறுவனமொன்றின் கடவுச்சொல்.

எல்லாம் முடிந்தபின் நானா செய்யும் கடைசிப் பரிசோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேற்பார்வைக் கட்டுப்படுத்தியின் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிடுவார். களக் கட்டுப்படுத்திகள் தம் அறைகளைத் தாமே குளிராக வைத்திருக்கின்றனவா என்று ஒரு மணித்தியாலம் பார்ப்பார். "தலைவி வராத நாளிலயும் வகுப்பு நடக்கணும். நடக்காட்டி நான் சரியா இணைக்கல்ல" என்பார்.

நானாவின் தொழில் நிரந்தரமாகிவிட்டது. நான் தொழினுட்பவியல் பிரிவில் படிக்கிறேன் என்றதும், "பொம்பிளப் புள்ளைக்கு ஏன் வயரும் பெட்டியும்?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்களுக்கு என் கொப்பியின் பின்பக்கத்தைக் காட்டலாம். அந்த இரவில் தேவைப்பட்டது பலமான கையல்ல. பொறுமையாக எண்ணி, ஒழுங்காக எழுதிய ஒரு பட்டியல். அது எங்களுக்கும் முடியும், இன்ஷா அல்லாஹ்.