இடிக்கும் முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்

புதுச்சேரியில் எங்கள் பூர்வீக வீட்டை இடித்துவிடத்தான் நினைத்தோம். கூரை ஒழுகியது, பிள்ளைகளுக்கு அறை போதவில்லை. அது நியாயமான தேவைதான்.

வயதான கொத்தனார் ஒருவர் வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார். தேக்குக் கட்டைகள் மேல் சிறு செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்த ‘மெட்ராஸ் டெரஸ்’ அது. உளுத்தவை இரண்டே கட்டைகள். “சுவத்துல பிற்பாடு பூசின சிமென்ட்டுதாம்மா ஈரத்தை வெளிய விடல” என்றார். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் அப்படியே இருக்க, கொல்லைப்புறத்தில் இரண்டு புது அறைகள் எழும்பின.

எங்கள் ஊர் வைசியாள் வீதியில் தெரு முகப்புகளையே இப்படிச் சீரமைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. கடற்கரையிலிருந்த ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடமோ, பராமரிப்பின்றி 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய சுவர்கள் போனவை போனவைதான்.

உங்கள் வீட்டை இடிக்க நாள் குறித்திருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.