நரம்பில் ஏறும் மருந்தும் செவிலியரின் விழிப்பும்

எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள காடுகரைகளில் வேலை செய்வோர் காலில் சீமைக்கருவேல முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. "முள்தானே" என்று கவனியாது விட்ட புண் சில வேளைகளில் சீழ்பிடித்து, கிருமிகள் இரத்தத்திலும் கலந்துவிடும். அப்பொழுது அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ கொண்டு சென்று, வீரியமிக்க ஆன்டிபயாடிக் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவார்கள். அந்த மருந்து பலன் தருவதில் செவிலியருக்குள்ள பங்கை நாம் அறிவோமா?

1941 பிப்ரவரி 12 அன்று, ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. அவர் விரைவில் தேறத் தொடங்கினார். ஆனால் சில நாட்களில் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்துகூட அதைப் பிரித்தெடுத்துச் செலுத்தினார்கள். ஆயினும் மார்ச் 15 அன்று அவர் இறந்தார். பாதியில் நின்ற மருந்தால் பயனில்லை என்பதே இதன் படிப்பினை. ஆகவேதான் செவிலியர் நள்ளிரவிலும் குறித்த வேளை தவறாமல் மருந்து ஏற்றுகிறார்கள்.

ஏற்றுமுன் அவர்கள் கைகளைக் கழுவி, நோயாளியின் பெயரையும் மருந்தின் அளவையும் சரிபார்ப்பார்கள். "முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா?" என்றும் கேட்பார்கள். ஏற்றும்போது அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரை அழைப்பார்கள். ஊசி குத்திய இடம் சிவந்து வீங்கினால் ஊசியை வேறிடத்திற்கு மாற்றுவார்கள்.

போர்னியோத் தீவின் மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட வான்கோமைசின் 1958-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் ஒரு கிராம் ஏற்றக் குறைந்தது 60 நிமிடம் வேண்டும். விரைந்து ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து, இரத்த அழுத்தமும் குறையக்கூடும். இம்மருந்தும் ஜென்டாமைசின், அமிகாசின் ஆகியவையும் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடும். எனவே சிறுநீரை அளந்து எழுதுவதும், "காதில் இரைச்சல் உண்டா?" என்று கேட்பதும் செவிலியரின் கடமையாகும்.

துணைக்கு இருக்கும் நமக்கும் கடமை உண்டு. "சீக்கிரம் முடியட்டும்" என்று சொட்டின் வேகத்தை நாமே கூட்டுதல் ஆகாது. சிறுநீரைக் கணக்குக் காட்டாமல் கொட்டுதலும் ஆகாது.

2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ சங்கங்கள், ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்கச் 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்டத்தை வகுத்தன. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால் வீரியமிக்க மருந்தும் வீணே. ஆகவே தோழியரே, காய்ச்சல் என்றதும் கடையில் நாமாக மருந்து வாங்காதிருப்போம். மருத்துவர் குறித்ததைக் குறித்த நாள்வரை உட்கொள்வோம். நம்மில் செவிலியராக விரும்புவோர், மருந்தை ஏற்றுவதோடு நோயாளியை உற்று நோக்கவும் இன்றே பழகுவோமாக!