சிற்றெழுத்தும் பெரும்பொருளும்

ஆங்கிலம் பயில்வோர் பலர் சொற்களை மனனஞ் செய்கின்றனர். ஓரிரு எழுத்துக்களாய் நிற்கும் சுருக்கக் குறிகளையோ பொருட்படுத்துவதில்லை. அவற்றுட் சில ஆங்கிலமே அல்ல!

திருமண அழைப்பிதழின் அடியிற் காணப்படும் 'ஆர்.எஸ்.வி.பி.' பிரெஞ்சுத் தொடரொன்றின் சுருக்கம். 'தயவுசெய்து மறுமொழி தருக' என்பது பொருள். அதனை வெறும் அலங்காரமென எண்ணி வாளாவிருந்தால், எத்தனை பேருக்குச் சமைப்பதென்றறியாது விருந்தளிப்போர் இடர்ப்படுவர். வர இயலாதோரும் பதில் எழுதுவதே பண்பு.

'ஐ.ஈ.', 'ஈ.ஜி.' என்பன இலத்தீன். முன்னது 'அதாவது', பின்னது 'உதாரணமாக'. 'பழங்கள், ஈ.ஜி. மா, பலா' என்றெழுதினால் வாழையும் அடங்கும், 'ஐ.ஈ.' என்றெழுதினால் அவ்விரண்டு மட்டுமே. வாணிப ஒப்பந்தத்தில் இவை இடம் மாறின், வழக்குக்கும் நட்டத்துக்கும் வழிபிறக்கலாம்.

யாவரும் வழங்கும் 'ஓ.கே.' 1839 மார்ச் 23இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. 'யாவும் சரி' எனும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டிச் சுருக்கிய வேடிக்கை அது. நண்பரிடம் அது பொருந்தும். உத்தியோக விண்ணப்பத்திற் பொருந்தாது.

ஆகவே, புதிய சுருக்கமொன்றைக் கண்டால் அதன் விரிவோடு, வழங்கும் இடத்தையும் குறித்துக்கொள்க.