ஒரு கையால் உள்ளி உரித்தல்

எங்கள் வீட்டில் உள்ளி உரிப்பது சில வருடங்களாக என் மகளின் வேலையாக இருந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் அவசரத்திலும் ஏழெட்டுப் பல்லை உரித்து ஒரு கோப்பையில் போட்டுவிட்டுத்தான் போவாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. 2009 ஏப்ரலில் எறிகணை பட்டு என் இடது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் போனது. அரிசி களைவது, அடுப்பு மூட்டுவது, மீன் துப்புரவாக்குவது என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டேன். உள்ளி மட்டும் வரவில்லை. ஒரு கை பல்லைப் பிடிக்க வேண்டும், மற்றக் கை தோலை இழுக்க வேண்டும். வாயில் வைத்துக் கடித்தும் பார்த்தேன். நாலு பேர் சாப்பிடுகிற கறிக்கு அது சரிவரவில்லை.

ஒருநாள் அவள் பிந்திப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டாள். ஏன் பிந்தினாய் என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு உள்ளி உரிச்சுக் குடுத்தனான்" என்று சொல்லியிருக்கிறாள். பின்னேரம் அதைச் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் அவள் போன பிறகு அம்மிக்கு முன்னால் இருந்து ஒரு முழு உள்ளியையும் பாழாக்கினேன். இனி எழுதப்போவது அப்படிப் பாழாக்கிப் பாழாக்கிக் கற்றது. என்னைப் போல ஒரு கையோடு, அல்லது விரல் மடங்காத கையோடு குசினியில் நிற்கிறவர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் தெரிய வேண்டியது, தோல் பல்லை இறுக்கிப் பிடித்திருப்பது வேர்ப்பக்கத்தில்தான். அந்தக் கட்டையான நுனியை வெட்டிவிட்டாலோ, பல்லை ஒருதரம் நசித்துவிட்டாலோ பிடி விட்டுப்போகும். பிறகு தோலை இழுக்கவே தேவையில்லை, விரலால் தள்ளினால் வரும். முழு உள்ளியை வேர்ப்பக்கம் மேலே இருக்க ஒரு துணியின் மேல் வைத்து, உள்ளங்கையின் அடியால் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமத்தினால் பல்லுகள் தனித்தனியாகக் கழரும். ஒவ்வொரு பல்லாக அம்மியில் வைத்துக் குழவியைக் கிடையாக வைத்து ஒரு அமத்து. ஓங்கிக் குத்தினால் பல்லு குசினிக்கு அப்பால் போய் விழும், அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் கல்லுப்பு தூவினால் வழுக்காது. அம்மி இல்லாதவர்கள் கத்தியின் அகலப் பக்கத்தைப் பல்லின் மேல் வைத்து உள்ளங்கையால் அமத்தலாம். பலகைக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை ஓடாது.

நசித்த பல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது தட்டையாகிவிடுவதால் வெட்டும்போது உருளாது, மற்றக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. வெங்காயம், உருளைக்கிழங்குக்கு என்னிடம் ஒரு பலகை இருக்கிறது. கீழிருந்து மேலே இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து வைத்தது. காயை ஆணியில் குத்திவிட்டு வெட்டுவேன். வேலை முடிந்ததும் ஆணிகளின் மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற கைக்கும் காயம்தான்.

உள்ளிக்குழம்புக்குப் பல்லு முழுதாக வேண்டும், நசிக்க முடியாது. அதற்குத் தனித்தனியாகக் கழற்றிய பல்லுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வேர்நுனியை வெட்டிப் பெருவிரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வெயில் எறிக்கும் நாளென்றால் காயவைத்து, மூடி இறுகிய ரின்னில் போட்டுக் குலுக்கலாம். ரின்னை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு மூடியைப் பூட்ட வேண்டும். பெரிய பல்லு லேசாக உரியும். சின்னப் பல்லு கஷ்டம்.

ரசத்துக்கு உரிக்கவே தேவையில்லை. மிளகு, சீரகம், மல்லியோடு உள்ளியைத் தோலோடேயே தட்டிப்போடுகிற வீடுகள் எத்தனையோ உண்டு. என் அம்மம்மாவும் அப்படித்தான் செய்வார். தோல் சட்டியின் அடியில் கிடக்கும், ஊற்றும்போது வராது. இதை நான் மறந்துபோய் ரசத்துக்கும் மகளை மினக்கெடுத்தியிருக்கிறேன்.

நசித்தால் ருசி கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் ருசி மாறும். முழு உள்ளிக்குப் பெரிதாக மணமில்லை. அதன் கலங்களுக்குள் அல்லின் என்ற பொருள் ஒரு பக்கமும் அல்லினேஸ் என்ற நொதியம் இன்னொரு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. கலம் உடைந்து இரண்டும் சேரும்போதுதான் காரமும் மணமும் உள்ள அல்லிசின் உண்டாகிறது. அதை 1944 இல் அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். எவ்வளவுக்கு உடைக்கிறோமோ அவ்வளவுக்குக் காரம். சூடும் புளிப்பும் அந்த நொதியத்தை நிறுத்திவிடும். அதனால்தான் குழம்பில் முழுதாக அவிந்த பல்லு இனிப்பாக இருக்கிறது. சம்பலுக்கென்றால் நசித்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். முதலிலேயே விட்டால் மணம் முழுதாக வராது.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரேயடியாக நிறைய உரித்து வைக்கத்தான் ஆசை வரும். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. உரித்த உள்ளியை எண்ணெயில் போட்டுக் குசினித் தட்டில் வைக்கக் கூடாது. மண்ணில் இருக்கிற பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் உள்ளியோடு வரும். எண்ணெய்க்குள் காற்றுப் படாது, எங்கள் ஊர்ச் சூடும் சேர்ந்தால் அது வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். மணத்திலோ ருசியிலோ தெரியாது. 1985 இல் கனடாவின் வன்கூவரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் போட்டு வெளியே வைத்திருந்த உள்ளியால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லப்பட்டது.

எண்ணெய் இல்லாமல் மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உரித்த பல்லு ஒரு கிழமை இருக்கும். அதற்கு மேலென்றால் நசித்துச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உறையவிடலாம், மணம் கொஞ்சம் குறையும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு உரிப்பதுதான் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்டிய கையின் நுனி குளிர்காலத்தில் கடிக்கும், சுணைக்கும். உள்ளியை அரைத்துக் கட்டினால் நிற்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, ஒரு இரவு கட்டிவிட்டுப் படுத்தேன். விடிய அவிழ்த்தபோது தோல் பொங்கிக் கொப்புளமாகியிருந்தது. பச்சை உள்ளி தோலைச் சுடும், வெந்நீர் ஊற்றினது போல. தழும்பில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் சுடுவது நேரத்துக்குத் தெரியவும் வராது. ஆறுவதற்கு மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் மகள்தான் திரும்ப உள்ளி உரித்தாள்.