மண்ணெண்ணெய் குடித்த கார்கள்: துருப்பிடித்து நிற்கும் மொறிஸ் மைனரை வீட்டிலேயே மீட்பது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாமரங்களுக்குக் கீழும் கிடுகு மால்களுக்குள்ளும் இன்னமும் பழைய ஆங்கிலேயக் கார்கள் நிற்கின்றன. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்று ஒருகாலத்தில் கலியாண வீட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் ஓடியவை. சில இப்போதும் ஓடுகின்றன. பல, 1990இலோ 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலோ விட்டுப்போன இடத்திலிருந்து பின்னர் இழுத்துவந்து நிறுத்தப்பட்டவை. பழைய இரும்பு வாங்குபவர் அவற்றை நிறைக்குக் கேட்கிறார். ஏ9 வீதி திறந்த பிறகு வெளியிடங்களிலிருந்து சேகரிப்பாளர்களும் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்.

விற்பதா, அப்படியே விடுவதா, ஓடவைப்பதா என்ற கேள்வி பல குடும்பங்களில் இருக்கிறது. எங்கள் வளவில் நின்ற 948 சிசி மொறிஸ் மைனர் ஒன்றை இரண்டு வருட வார இறுதிகளில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அதிலிருந்து அறிந்துகொண்டவற்றை, அதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தக் கார்கள் ஏன் தப்பின?

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிய பிறகு வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய். ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் விசிறி ஸ்ராற் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது அன்று சிறுவர்களுக்கும் தெரிந்த வித்தை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பெற்றோலின் இலேசான பகுதிகள் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் ஆவியாக 150 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை அதனால் எழுப்ப முடியாது. சூடான எஞ்சினைத் தொடர்ந்து ஓட்ட முடியும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும்.

பழைய ஆங்கிலேய எஞ்சின்களுக்கு அமுக்கம் குறைவு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரித்தானியாவிலும் பெற்றோல் 1950 வரை பங்கீட்டில்தான் கிடைத்தது. 1953 வரை அங்கு விற்கப்பட்டது தரம் குறைந்த ஒரே வகைப் பெற்றோல். அதைக் குடித்து ஓட வேண்டும் என்பதால் அன்றைய எஞ்சின்களின் அமுக்க விகிதத்தை 7:1 அளவில் வைத்தார்கள். அவர்களுடைய போரின் தட்டுப்பாட்டுக்காகச் செய்த எஞ்சின், நாற்பது வருடம் கழித்து எங்களுடைய போரின் தட்டுப்பாட்டைத் தாங்கியது.

முதலில் தகரத்தைப் பாருங்கள்

பெரும்பாலானோர் பொனற்றைத் திறந்து எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார்கள். இறுகிய எஞ்சினைக் கழற்றித் திருத்தலாம், வேறொன்று தேடலாம். அடித்தகரம் போனால் காரே போய்விடும்.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதற்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுகளுக்குக் கீழுள்ள சில் எனப்படும் பெட்டிப் பகுதி, முன்னிருக்கைகளுக்குக் கீழே குறுக்கே போகும் பகுதி, பின் வில்லுத் தகடுகள் தொங்கும் இடங்கள், ஜக் வைக்கும் இடங்கள் ஆகியவைதான் காரைத் தாங்குகின்றன. ஒரு காந்தமும் பழைய ஸ்குறூட்றைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பூச்சுமாதான் இருக்கிறது. ஸ்குறூட்றைவர் உள்ளே இறங்கினால் துரு தின்றுவிட்டது. குறுக்குப் பகுதி முழுதாக உக்கியிருந்தால் வேலை பலமடங்காகும். ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றுக்குத் தனிச் சட்டகம் இருப்பதால் மேல்தகரம் போனாலும் அடி நிற்க வாய்ப்பு அதிகம்.

குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை. உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும். கறையான் புற்றும் இலைச் சருகும் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்து தின்னவைக்கும். ஆகவே முதல் வேலை காரைக் கல்லின் மேல் தூக்கி, உள்ளே இருக்கும் மண்ணையெல்லாம் துப்புரவாக எடுப்பதுதான்.

வெல்டிங் செய்வதற்கு முன் பற்றறியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியைக் காரிலிருந்து இறக்கித் தூரத்தில் வையுங்கள். வெறுமையான தாங்கி பாதுகாப்பானது என்று நினைப்பது ஆபத்து. நிறைந்த தாங்கியை விட, ஆவி நிரம்பிய வெறுந் தாங்கிதான் வெடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. மீள்குடியேறிய காணியின் பற்றைக்குள், குறிப்பாக முன்னாள் போர்முனைகளுக்கு அருகில் கிடக்கும் வாகனத்தைக் கண்டவுடன் இழுக்க வேண்டாம். அந்தக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்திலோ கிராம அலுவலரிடமோ உறுதிசெய்த பிறகே கிட்டப் போங்கள்.

மண்ணெண்ணெய் விட்டுச்சென்ற காயங்கள்

மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே சம்புக்குள் இறங்கும். அங்கே ஒயில் தண்ணீர்போல் ஆகிவிடும். அந்த ஒயிலில் ஓடிய பெயாரிங்குகள் தேயும். மேலே வால்வுகளிலும் பிஸ்ரன் தலையிலும் கரி படியும். வால்வு சரியாக மூடாமல் அதன் விளிம்பு எரிந்துபோகும். தடைக்காலத்தில் ஓடிய கார் ஒன்றில் இவை எல்லாம் கொஞ்சமாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

நீண்டகாலம் நின்ற எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்து ஸ்ராற் பண்ணக் கூடாது. ஒட்டிப்போன றிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை ஊறவிடுங்கள். பிறகு ஹாண்டில் போட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். அல்லது நான்காம் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னுமாக அசையுங்கள். அசையவில்லை என்றால் இன்னொரு கிழமை. சுழலத் தொடங்கிய பிறகு பழைய ஒயிலை முழுதாக வடித்து, சம்பைக் கழற்றி அடியில் படிந்த சேற்றைத் துடைத்து, புது ஒயில் விட்ட பிறகே ஸ்ராற் பண்ணுவதைப் பற்றி யோசிக்கலாம். தலையைக் கழற்றிக் கரி சுரண்டி வால்வு அரைப்பதை எந்த ஊர் கராஜிலும் செய்யலாம். எரிந்த வால்வை மட்டும் மாற்றத்தான் வேண்டும்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

மைனரின் நான்கு சில்லுப் பிறேக்குகளும் ஒரே குழாய்த் தொடரில் இயங்குகின்றன. ஓரிடத்தில் ஒழுகினால் மிதிபிறேக் முழுவதும் போய்விடும். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தட்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. வருடக்கணக்கில் காய்ந்த இறப்பர்களை நம்ப முடியாது. மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், இறப்பர்க் குழாய்கள் அனைத்தையும் ஒன்றாக மாற்றுங்கள். பிறேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலையோ வேறு எண்ணெயையோ விட்டால் இறப்பர் ஊதிப்போகும்.

முன்சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மேலும் கீழும் புரியிட்ட உலோகத் துண்டுகளில் திரும்புகிறது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் அந்தப் புரி தேய்ந்து, ஒருநாள் ஓடும்போதே சில்லு மடிந்து காருக்குக் கீழே போய்விடும். ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்தக் கார் வீதிக்குப் போகக்கூடாது.

மின்சாரத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இக்காலக் கார்களில் பற்றறியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். மைனரில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் டைனமோவும் நீங்கள் புதிதாகப் பூட்டும் ரேடியோவும் பழுதாகலாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு டைனமோவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த முனை விடயத்தை மட்டும் பொனற்றுக்குள் எழுதி ஒட்டிவையுங்கள்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் ஒரு விளையாட்டுக் கார் உதவிக்கு வருகிறது. மைனரின் எஞ்சின் ‘ஏ தொடர்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் 803 சிசியாகத் தொடங்கி, 1956இல் 948 ஆகி, 1962இல் 1098 ஆகி, மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை வந்தது. 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற் என்ற மலிவான இரண்டு இருக்கைக் காருக்கும் இதே 948 எஞ்சின்தான். அதன் ஸ்ரியறிங் மைனரிலிருந்து எடுத்தது. முன்தொங்கல் ஒஸ்ரின் ஏ35இலிருந்து. 1961இல் அதன் உடன்பிறப்பாக எம்.ஜி. மிட்ஜெட் வந்தது. கைவிடப்பட்ட மிட்ஜெட்டுகளையும் ஸ்பிரைற்றுகளையும் வாங்கி வீட்டுக் கராஜில் திருத்துவது இங்கிலாந்தில் பலருடைய பொழுதுபோக்கு. அவர்களுக்காக காஸ்கற், றிங், பெயாரிங், எஸ்.யு. காபரேற்றர் பாகங்கள் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. லண்டனிலிருந்து ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் ஒரு காஸ்கற் தொகுதிக்கு இடம் இருக்கும்.

சொல்லி அனுப்புவதற்கு முன் எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். 948க்கும் 1098க்கும் சிலிண்டர் விட்டமே வேறு: 62.9 மில்லிமீற்றர், 64.6 மில்லிமீற்றர். போர்க்காலத்தில் கைக்கு எட்டிய எஞ்சினை மாற்றிப் பூட்டிய கார்கள் பல உண்டு. பொனற்றில் இருக்கும் பெயரை நம்பிப் பாகம் வாங்க வேண்டாம்.

மைனரை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம் என்று இங்கிலாந்தின் பாத் நகரில் வாதாடியவர் சார்ள்ஸ் வெயர். புதுக் கார் வாங்கி மதிப்பிழப்பதைவிட, பழையதைத் தொடர்ந்து புதுப்பிப்பது மலிவு என்பது அவருடைய கணக்கு. 1990களின் தொடக்கத்தில் இலங்கையின் தெற்கில் ஒரு பங்காளியோடு சேர்ந்து மைனர் தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையையும் அவர் தொடங்கினார். எங்களுக்கு ஒரு பற்றறி வராத காலத்தில், இதே தீவின் மறுமுனையில் மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள். அந்த இடைவெளியை இங்கே நிரப்பியவர்கள் லேத் பட்டறைக்காரர்களும் கராஜ்காரர்களும்தான். இரும்புத் துண்டிலிருந்து புஷ் கடைந்தவர்கள் இன்று முதியவர்கள். உங்கள் காரில் வேலை தொடங்கும்போது அவர்களில் ஒருவரைத் தேடிப் போங்கள். ஒரு இளைஞனையும் கூட்டிப் போங்கள்.

இலக்கத்தகடும் ஆவணமும்

இந்தக் கார்களின் இலக்கத்தகட்டுக்கே அரசியல் வரலாறு உண்டு. பழையவற்றில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1957இல் சிங்கள சிறீ எழுத்து வந்தது. அதற்கெதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய சிறீ எதிர்ப்புப் போராட்டம் 1958இன் கொந்தளிப்போடு கலந்தது. தகட்டைப் புதிதாக எழுதுவதற்கு முன் பழையதைப் படம் எடுத்து வையுங்கள்.

ஆவணம்தான் பலரை நிறுத்திவிடுகிறது. பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். பொனற்றுக்குள் உள்ள தகட்டிலிருந்து சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, யாருடைய பெயரில் பதிவு இருக்கிறது என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறியுங்கள். தொலைந்த புத்தகத்துக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி தேவைப்படும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அதையும் பதிவில் திருத்த வேண்டும். இதை முடிக்காமல் நிறம் பூசுவதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பதிவு, காணாமலாக்கப்பட்ட ஒருவரின் பெயரில் இருந்தால் விடயம் இன்னும் கனமானது. ஒரு காருக்காக மரணச் சான்றிதழ் எடுக்க எந்தத் தாயும் மனைவியும் விரும்பமாட்டார்கள். எடுக்கச் சொல்லவும் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் கீழ், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். காணாமற்போனவரின் சொத்து நலன்களைக் குடும்பத்தவர் கவனிக்க அது வழிவகுக்கிறது. அந்தச் சான்றிதழை எடுப்பதா இல்லையா என்பதும் குடும்பத்தின் முடிவே. பெயர்மாற்றமோ விற்பனையோ என்றால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பெயர் மாறாமலேயே காரைத் திருத்தி வளவுக்குள் வைத்திருக்க யாரும் தடையில்லை. அப்படிச் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன.

இப்போது என்ன செய்யலாம்?

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. நிறைக்குக் கேட்பவர்களுக்கும் அது தெரியும். அடித்தகரமும் போய், பதிவும் தேட முடியாத கார் என்றால், அதைப் பாகங்களுக்காக இன்னொரு மைனர்க்காரருக்குக் கொடுப்பது இரும்புக்கு உருக்குவதை விட நல்லது. இரண்டில் ஒன்றாவது இருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

முழுவேலைக்கும் இப்போது காசில்லை என்றாலும் இந்த நான்கையும் செய்யுங்கள்: காரைக் கல்லில் தூக்குங்கள், மண்ணை எடுங்கள், பிளக்கைக் கழற்றி ஒயில் ஊற்றுங்கள், மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் செய்தால், எப்போது வேலை தொடங்கினாலும் இன்று இருக்கும் காரே அன்றும் இருக்கும்.